தஃபீதா என்றே கூப்பிடுவாள்

தௌலத் என்ற பெயரை ஃபிக்ரியா முதன்முதலில் கேட்டது படகுத்துறையில், அதுவும் ஒரு திட்டாக. காசிம் புயல் அடித்து ஓய்ந்திருந்தது. நைல் கடலில் கலக்கிற எஸ்பத் எல் புர்க் ஊரில் ஒவ்வொரு புயலுக்கும் பெயர் உண்டு, வருகிற காலமும் உண்டு. டிசம்பர் பிறந்தால் காசிம் வருவான் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வருடம் காசிம் வந்து போன பிறகு 'தஃபீதா' என்ற விசைப்படகு கரைக்குத் திரும்பவில்லை. அதில் போனவர்கள் பதினோரு பேர். துறை நிறையக் கறுப்பு உடுத்திய பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ஐஸ் கொட்டகை ஓரமாக ஒருத்தி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றாள். பதினேழு பதினெட்டு வயதுதான் இருக்கும். ஐஸ் விற்கிற கிழவி அவள் முதுகில் ஒரு குத்துக் குத்தினாள்.

"அடி தௌலத், அழுது தொலைடி. இப்படி மரமா நின்னா நெஞ்சு வெடிச்சுச் செத்துருவே."

"அழறேன் அத்தை. போக வேணாம்னு எங்கப்பா சொன்னப்போ, போன்னு சொன்னது யாருன்னு ஒருத்தராவது வாயைத் திறந்து சொல்லட்டும். அப்புறம் அழறேன்."

பக்கத்தில் நின்றவர்களின் ஒப்பாரி ஒரு மூச்சு நின்று பிறகு தொடர்ந்தது. ஃபிக்ரியா முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். போ என்று சொன்னவர் அவளுடைய சொந்தப் பெரியப்பா.

அவர் ஹாஜி ஷலபி. மூன்று படகுக்குச் சொந்தக்காரர். 'தஃபீதா'வை ஓட்டிய ரயிஸ், அதாவது படகுத் தலைவர், பத்ராவி. தௌலத்தின் தகப்பன், நாற்பது வருடம் அந்தக் கடலைத் தின்று வளர்ந்தவர். "காசிம் வாசல்ல நிக்கிறான் ஹாஜி, ரெண்டு நாள் பொறுப்போம்" என்று அவர் துறையில் எல்லார் முன்னாலும் சொன்னார். "ஐஸ் ஏத்தியாச்சு. உருகிப் போறதுக்கா வாங்கினேன்? பயமா இருந்தா சாவியைக் கொடு. உன்னைத் தவிர ஊர்ல ரயிஸே இல்லையா?" என்று ஷலபி கேட்டார். ஒரு ரயிஸிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. பத்ராவி சாவியைக் கொடுக்கவில்லை, படகில் ஏறினார். பார்த்தவர்கள் ஐம்பது பேர் இருப்பார்கள்.

ஆனால் ஊர் பழி போட்டது பெயர் மேல்.

தஃபீதா என்பது ஷலபியின் முதல் மனைவி பெயர். ஃபிக்ரியாவும் அவள் தம்பி மெத்வல்லியும் தாயில்லாப் பிள்ளைகளானபோது மடியில் போட்டு வளர்த்தவள் அந்தப் பெரியம்மாதான். வயிற்றில் ஒன்று தங்காதவள், தன் கை வளையல் அத்தனையையும் விற்றுத்தான் அந்தப் படகுக்கு அடிமரம் வாங்கிக் கொடுத்தாள். அதனால் படகுக்கு அவள் பெயர். படகு தண்ணீரில் இறங்கிய அன்று அவளே சர்க்கரைத் தண்ணீர் கரைத்துப் படகின் முன்பக்க அணியத்தில் ஊற்றினாள். பிறகு காய்ச்சலில் போய்விட்டாள். அவள் போன மறுவருடம் படகு போனது. துக்கம் கேட்க வந்தவர்களிடம் ஷலபி சொன்னார்: "செத்தவ பேரைச் சுமந்துக்கிட்டுப் போன படகு. அவ கூப்பிட்டா, போயிட்டாங்க. பேரை அன்னைக்கே மாத்தியிருக்கணும், என் தப்பு." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பெரிய மனிதர் சொன்னதால் ஊர் தலையாட்டியது. மூன்றே மாதத்தில் தஃபீதா என்ற பெயரை உச்சரித்தால் கெட்டது அண்டாமலிருக்க மடியில் துப்பிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டது. தெருவில் இருந்த இன்னொரு தஃபீதா, பாவம், அறுபது வயதில் மகன் பெயரைச் சேர்த்து உம்மு ஸலாமா, ஸலாமாவின் அம்மா, என்று மட்டும் அழைக்கப்பட்டாள்.

ஃபிக்ரியாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஆனால் அவள் கணவன் தள்ளிவைத்துப் பிறந்தவீட்டுக்கு வந்தவள். தம்பி ஷலபியின் படகில் வேலை பார்க்கிறவன். எதிர்வீட்டில் பெரியப்பா. வாயைத் திறக்க என்ன வக்கு இருக்கிறது?

தௌலத் அந்த வீட்டுக்கே மருமகளாக வந்து சேர்ந்தாள் என்றால் நம்ப முடிகிறதா? ஊரும் நம்பவில்லை. படகு காணாமல் போன பிறகு ஒரு மாதம் மெத்வல்லி சின்னத் தோணியில் கரையோரமாகத் தேடிக்கொண்டே போனான். ஒவ்வொரு முகத்துவாரத்திலும் இறங்கி விசாரித்தான். கடைசியில் ஒரு கம்பளிச் சட்டையும் ஒரு பலகைத் துண்டும் கொண்டுவந்து தௌலத்தின் தாயிடம் கொடுத்தான். சட்டை பத்ராவியுடையது. அந்தச் சட்டையைக் கொடுத்தவனைத்தான் இரண்டு வருடம் கழித்து அவள் கட்டினாள்.

மருதாணி இட்ட அன்றைக்கே ஒருத்தி குத்தலாகக் கேட்டாள். "அப்பனை முழுகடிச்ச வீட்ல எப்படிடி சோறு இறங்கும் உனக்கு?"

"தேடிப் போனவனைக் கட்டிக்கிறேன். அனுப்பினவரை இல்லை. சோறெல்லாம் நல்லா இறங்கும், நீ கவலைப்படாதே" என்றாள் தௌலத்.

வந்த வீட்டில் அவள் சண்டைக்காரியாக இருக்கவில்லை. நாத்தனார் ஃபிக்ரியாவோடு சேர்ந்து வலை பின்னுவாள், அரிசியும் வெங்காயமும் சிவக்க வறுத்து மீன்சோறு ஆக்குவாள், எதிர்வீட்டு ஹாஜிக்கு ரமலானில் முதல் தட்டும் அனுப்புவாள். ஒன்று மட்டும் உண்டு. பேச்சில் படகு வந்தால் மற்றவர்கள் "அந்தப் படகு" என்பார்கள், அவள் "தஃபீதா" என்பாள். கேட்கிறவர்கள் மடியில் துப்பிக்கொண்டால், "கோழை கட்டியிருக்கா? சுக்கு வச்சுத் தரவா?" என்பாள்.

நாலு வருடம் கழித்துக் கருத்தரித்தாள். எட்டாம் மாதம், ஹாஜியின் இரண்டாம் மனைவி கவ்ஸர் பலகாரத்தோடு வந்து உட்கார்ந்தாள். கவ்ஸர் ஃபிக்ரியாவுக்கு ஒருவகையில் தாய்வழி உறவும்கூட. உறவு இரண்டு பக்கமும் இருந்ததால் அதிகாரமும் இரண்டு மடங்கு.

"பொண்ணு பிறந்தா நூர்ஹான்னு வைங்க. இப்போ டமியெட்டாவுல பணக்கார வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் நூர்ஹான்தான்."

"பொண்ணு பிறந்தா தஃபீதா, மாமி" என்றாள் தௌலத்.

கவ்ஸர் வாயில் வைத்த பலகாரத்தை எடுத்தாள். "விளையாடறியா? பல்லுப் போன பேரு அது. பிள்ளை பிறக்கிறப்பவே கைத்தடியோட பிறக்கணுமா? பள்ளிக்கூடத்துல வாத்தியாரம்மாவே எழுந்து நின்னு அதுக்கு ஸலாம் சொல்லுவா."

"சொல்லட்டுமே. மரியாதைதானே."

"அது இருக்கட்டும். அந்தப் பேரு பதினோரு பேரைத் தின்ன பேரு."

"பேருக்குப் பல்லு போயிடுச்சுன்னு இப்பத்தான் சொன்னீங்க. எப்படித் தின்னுச்சு?" தௌலத் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தின்னது கடல். ஊட்டிவிட்டது மனுஷன்."

ஃபிக்ரியாவின் கையில் இருந்த ஊசி நின்றுவிட்டது. கவ்ஸர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனாள். மூத்தாள் பெயரை எதிர்வீட்டு மாடியிலிருந்து ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டு படுக்க வேண்டும் என்பது அவளுக்கும் இனிப்பாக இருக்காது, பாவம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"ஏண்டி இப்படி?" என்றாள் ஃபிக்ரியா. "பெரியம்மா என்னைப் பெத்தவளுக்கு மேல. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனா ஒரு சின்ன உயிர் தலையில இதைத் தூக்கி வைக்கணுமா?"

"அண்ணி, எங்கப்பா பேரைத் துறையில யாரும் சொல்றதில்லை. அவரை அனுப்பினவர் பேரையும் சொல்றதில்லை. மொத்தப் பழியையும் ஒரு நல்ல பொம்பளை பேர்ல ஏத்தித் தண்ணியில விட்டுட்டாங்க. அந்தப் பேரை நான் தினம் சாயங்காலம் மாடியில நின்னு சத்தமா கூப்பிடணும். தஃபீதா, சாப்பிட வா. தஃபீதா, செருப்புப் போடு. ஊரு கேக்கணும். எதிர்வீடு கேக்கணும்."

ஜூலை வெயிலில் பிறந்தது பெண். ஏழாம் நாள் சடங்குக்கு ஹாஜி ஷலபி ஆள் அனுப்பினார். நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, நம் வழக்கப்படி மெழுகுவர்த்தி ஏற்றுங்கள், எது கடைசிவரை நிற்கிறதோ அதுவே பெயர் என்றார். மூன்று பெயர், மூன்று மெழுகுவர்த்தி: நூர்ஹான், ஷுரூக், தஃபீதா. கேட்கிறவர்களுக்கு நியாயமான பேச்சுதான்.

"ஏத்துங்க" என்றாள் தௌலத்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து பெண்கள் கூடினார்கள். முன்னறையில் ஆண்கள். கூடத்து நடுவில் தட்டு, தட்டில் பூச்சுற்றிய மண்கூஜா, சுற்றிலும் ஏழுவகைத் தானியம். மெழுகுவர்த்தி வாங்கிவந்தது கவ்ஸர், ஏற்றியதும் கவ்ஸர். மூன்றும் ஒரே உயரம், ஒவ்வொன்றும் ஒரு சின்னத் தட்டில். நூர்ஹானையும் ஷுரூக்கையும் கூஜாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இங்க இடம் பத்தலை" என்று தஃபீதாவை எடுத்துப்போய் ஆற்றைப் பார்த்த ஜன்னல் திண்டில் வைத்தாள். காற்றில் வைத்த மெழுகுவர்த்தி ஒரு பக்கமாக உருகி வழிந்து சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பது வீட்டு வேலை செய்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியாததா? ஃபிக்ரியா பார்த்தாள். தௌலத்தும் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குழந்தையின் துணியைச் சரிசெய்தாள்.

அப்புறம் யாருக்கு மெழுகுவர்த்தி நினைவு இருந்தது? குழந்தையைச் சல்லடையில் கிடத்தி அசைத்தார்கள். கண்ணேறு படாமலிருக்க மூலைக்கு மூலை உப்பு இறைத்தார்கள். நெய்யும் கொட்டைப்பருப்பும் மிதக்கிற மொகாத் கஷாயம் கோப்பை கோப்பையாகச் சுற்றியது. ஐஸ் விற்கிற கிழவி மூன்று கோப்பை குடித்துவிட்டு, "பிள்ளை பெத்தவளுக்கு மிச்சம் வைங்கடி" என்று மற்றவர்களை அதட்டினாள். தௌலத் குழந்தையை ஏழு தடவை தாண்டினாள்.

பிள்ளைகளில் ஒன்றுதான் முதலில் கத்தியது. "நூர்ஹான் கரையுது, நூர்ஹான் கரையுது."

எல்லோரும் திரும்பினார்கள். ஷுரூக் ஏற்கனவே தட்டில் ஒரு வட்டமாகப் படிந்து கிடந்தது. நூர்ஹான் விரல்நுனி அளவுக்குத் தத்தளித்தது. ஜன்னலில் தஃபீதா முழுசாக, ஏற்றியபோது இருந்த உயரத்தில் நின்றது. ஆற்றுக் காற்று அதை உருக விடவில்லை. ஏற்றிய சூட்டோடு ஊதி அணைத்திருந்தது.

கூடத்தில் கசகசவென்று பேச்சு கிளம்பியது. நிற்கிறதே, அதுதானே பெயர் என்றது ஒரு பக்கம். எரிந்தால்தானே கணக்கு என்றது இன்னொரு பக்கம். சத்தம் கேட்டு ஹாஜி ஷலபி உள்ளே வந்தார். பெண்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

"இதுல பேச என்ன இருக்கு?" என்றார். "அணைஞ்சது செத்தது. செத்ததுக்குப் பேர் சூட்டறதில்லை. அந்தப் பேரோட ராசி அது, வச்ச இடத்துல அணையும். நூர்ஹான்தான் கடைசிவரை எரியுது."

தௌலத் எழுந்தாள். பிள்ளை பெற்று ஏழே நாள் ஆனவள், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். ஜன்னலிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்து வந்து, நூர்ஹானின் கடைசிச் சுடரில் காட்டினாள். திரி பற்றிக்கொண்டது. இரண்டு மூச்சில் நூர்ஹான் அணைந்தது. தஃபீதா அவள் கையில் நிமிர்ந்து எரிந்தது.

"நல்லாத்தான் எரியுது மாமா. திரியில கோளாறு இல்லை, மெழுகுல கோளாறு இல்லை" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "பேர்லயும் கோளாறு இல்லை. இதைக் கொண்டுபோய்க் காத்துல வச்சது யாரு?"

கவ்ஸர் தரையைப் பார்த்தாள். ஆனால் அந்தக் கூடத்தில் ஒருத்தரும் கவ்ஸரைப் பார்க்கவில்லை. அத்தனை பெண்களும் ஹாஜியைப் பார்த்தார்கள். அவர்களில் நாலு பேர் 'தஃபீதா'வில் போனவர்களின் மனைவிமார். ஷலபி தாடியைத் தடவினார், வாசல் பக்கம் பார்த்தார். ஆறேழு வருடத்துக்கு முன்னால் துறையில் கேட்ட கேள்விதான் அது. அன்றைக்கு ஒப்பாரி அதை மூடிவிட்டது. இன்றைக்கு மூட ஒன்றும் இல்லை.

"யாரு வச்சா, மாமா?"

அப்போதுதான் ஃபிக்ரியா வெண்கல உரலை இழுத்தாள். ஏழாம் நாள் சடங்கில் குழந்தையின் காதருகே உரலை இடித்துப் புத்தி சொல்வது வழக்கம். அம்மா பேச்சைக் கேள், அப்பன் பேச்சைக் கேட்காதே என்று வேடிக்கையாகச் சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள். அன்று யாரும் அவளை இடிக்கச் சொல்லவில்லை. தள்ளிவைக்கப்பட்டவள் உலக்கையைத் தொடுவது அவ்வளவு விரும்பத்தக்கதும் இல்லை. அவள் சல்லடைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஆற்றுக்கு அக்கரை வரை கேட்கிற மாதிரி இடித்தாள்.

"தஃபீதா, அம்மா பேச்சைக் கேளு." ஒரு இடி. "தஃபீதா, என்னை வளர்த்தவ பேரு உனக்கு, அதைக் கேளு." ஒரு இடி. "தஃபீதா, எதிர்வீட்டுத் தாத்தா பேச்சைக் கேக்காதே." அதற்கு மூன்று இடி.

ஐஸ் கிழவி குலவையிட்டாள். பிறகு அந்த நாலு பெண்கள். பிறகு எல்லோரும். ஹாஜி ஷலபி வெளியே போனபோது அவர் செருப்பு மாறிப்போயிருந்தது.

அதோடு முடியவில்லை. பெயரை அரசாங்கத்தில் பதிகிறவன் தகப்பன். மறுநாள் காலையில் மெத்வல்லி கிளம்பும்போது எதிர்வீட்டு வாசலில் ஷலபி நின்றார். "என்ன எழுதறேங்கிறதைப் பொறுத்துதான் என் படகுல உனக்கு இடம், மகனே" என்றார். மெத்வல்லி மெதுவான மனிதன். எலும்பு இருக்கிறதா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு மெது. தௌலத் கெஞ்சவில்லை. மாடியிலிருந்து குனிந்து, "நூர்ஹான்னு எழுதினா எழுதிட்டு வாங்க. நூர்ஹான் அந்தத் தாளுக்குள்ளயே வளரட்டும். வீட்ல வளர்றவ பேரு தஃபீதா" என்றாள்.

மத்தியானம் வந்தான். செருப்பைக் கழற்றினான், தேநீர் கேட்டான், சர்க்கரை போதவில்லை என்றான். அதற்குப் பிறகுதான் சொன்னான்.

"குமாஸ்தா சிரிச்சான். உங்க அம்மாவைப் பதிய வந்தியான்னு கேட்டான். ஆமான்னேன்."

தௌலத் அன்றைக்குத்தான் அழுதாள். துறையில் அழாததையும் சேர்த்து அழுதாள் என்று ஃபிக்ரியா நினைத்துக்கொண்டாள். குழந்தை பசியில் கத்தியபோது, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வர்றேன்டி தஃபீதா" என்றாள்.

படகில் இடம் போனது. மெத்வல்லி ஒரு வருடம் படகு கட்டும் பட்டறையில் கூலிக்குப் பலகை இழைத்தான். தௌலத் விடியற்காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு டமியெட்டா சந்தைக்குப் போய் மத்தி விற்றாள். பிறகு, கடலில் புருஷனைப் பறிகொடுத்த நாலு பெண்களில் ஒருத்தியின் மகன் ரயிஸாகி, மெத்வல்லியைத் தன் படகில் சேர்த்துக்கொண்டான். கஷ்டம் இருந்தது. இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் தௌலத் மாடிக் கைப்பிடியில் சாய்ந்து, தேவைக்கு மேலேயே இழுத்து, "தஃபீதா" என்று கூப்பிடுவாள். பிள்ளை காலடியிலேயே விளையாடிக்கொண்டிருந்தாலும் கூப்பிடுவாள். எதிர்வீட்டு ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டால் இன்னொரு தடவை கூப்பிடுவாள்.

பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள். "தஃபீதா பாட்டி, பல்செட்டு எங்கே" என்கிற மாதிரி, அந்த ஊர்க் கேலிதான். எட்டு வயதில் பெண் அழுதுகொண்டு வந்து, "ஏம்மா எனக்கு இந்தப் பேரு?" என்றாள்.

"உன் கிளாஸ்ல நூர்ஹான் எத்தனை பேரு?"

"அஞ்சு."

"டீச்சர் நூர்ஹான்னு கூப்பிட்டா?"

"அஞ்சு பேரும் எழுந்திரிப்பாங்க."

"தஃபீதான்னு கூப்பிட்டா?"

பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். பிறகு சாப்பிடப் போனாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. பெருநாள் காலையில் ஹாஜி ஷலபி தெருப் பிள்ளைகளையெல்லாம் நிற்கவைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் புதுப் பண நோட்டுக் கொடுப்பார். இவள் முறை வரும்போது மட்டும், "நீ வா, மெத்வல்லி பொண்ணே" என்பார். இவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்குப் பேரு இருக்கு தாத்தா" என்பாள். அவர் நோட்டை நீட்டியபடி நிற்பார். இவள் வாங்காமல் வந்துவிடுவாள். வருடா வருடம் அதுதான். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஷலபி இறந்துபோகும் வரை அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அவள் ஒரு நோட்டையும் வாங்கவில்லை.

அவர் மௌத்தான வீட்டுக்குத் தௌலத் காப்பி கொண்டுபோனாள். கவ்ஸருக்குப் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் மாலை கவ்ஸர் தானாகவே, "உன் மக தஃபீதாவை அனுப்பு, எனக்குக் கண் மருந்து விடணும்" என்றாள். தௌலத் உடனே அனுப்பினாள். ஃபிக்ரியா வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தாள்.

இப்போது துறையில் 'தஃபீதா' என்று பெயர் எழுதிய படகு ஒன்று நிற்கிறது. பச்சை வண்ணம், வெள்ளை எழுத்து. யாரும் மடியில் துப்புவதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் துப்பினார்கள் என்றே தெரியாது.

பெண் தஃபீதா மன்சூராவில் ஆஸ்பத்திரி நர்ஸ். வியாழக்கிழமை இரவு ஊருக்கு வருவாள். ஃபிக்ரியாவுக்குப் பார்வை மங்கிவிட்டது, வலை பின்னுவதில்லை. தௌலத் எஸ்பத் எல் புர்க்கில் அதே தெருவில், அதே மாடி வீட்டில்தான் இருக்கிறாள். முழங்கால் வலியால் சந்தைக்குப் போவதில்லை, வாசலில் கூடை வைத்து மத்தி விற்கிறாள்.